இத்தாலியில் கார் பழகுவதும் பழக்குவதும்: பலெர்மோத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பலெர்மோவில் ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியில் கார் பழக்குவது என் வேலை. இங்கே அதை அவுட்டோஸ்குவோலா என்பார்கள். பாடம் முடிந்த பிறகும், கோயிலில் கண்டாலும், பலாரோச் சந்தையில் மரக்கறி வாங்கும்போதும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் அதே சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவைப்பது எல்லோருக்கும் உதவும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சட்ட விடயங்கள் 1992ஆம் ஆண்டின் வீதிச் சட்டக் கோவைப்படி. 2024 டிசெம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த 177ஆம் இலக்கச் சட்டத்தின் மாற்றங்களையும் சேர்த்திருக்கிறேன்.

"அண்ணை, நான் ஊரில பத்து வருசத்துக்கு மேல கார் ஓடினனான். இங்க திரும்பவும் முதல்ல இருந்து பழகோணுமோ?"

கிளச், கியர், பிறேக் எல்லாம் திரும்பப் பழகத் தேவையில்லை. கால்களுக்கு அது தெரியும். ஆனால் கண்ணும் கையும் இடப்பக்கப் போக்குவரத்துக்குப் பழகியவை. அவற்றை மாற்ற நாள் எடுக்கும். புதிதாகப் பழகுபவருக்கு மாற்ற வேண்டிய பழக்கமே இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அதனால் அனுபவசாலிகளுக்கு நான் குறைந்த மணித்தியாலம் போதும் என்று ஒருபோதும் வாக்குக் கொடுப்பதில்லை.

சட்டப்படி பார்த்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்த லைசன்ஸோடு இங்கே ஓடலாம். ஆனால் நகரசபையில் வதிவிடம் பதிந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான். அதோடு சர்வதேச அனுமதிப்பத்திரமோ முறைப்படி செய்த இத்தாலிய மொழிபெயர்ப்போ காரில் இருக்க வேண்டும். ஒரு வருடம் முடிந்த அடுத்த நாளே அந்த லைசன்ஸ் இந்த வீதியில் செல்லாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

"ஊர் லைசன்ஸை அப்பிடியே இத்தாலி லைசன்ஸா மாத்தலாம் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?"

நாட்டைப் பொறுத்தது. இத்தாலியோடு பரஸ்பர ஒப்பந்தம் உள்ள நாடுகளின் லைசன்ஸை மட்டும்தான் மாற்றித் தருவார்கள். இந்திய லைசன்ஸை மாற்ற முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தியரியிலிருந்து தொடங்கியே ஆகவேண்டும். இலங்கையோடு ஒப்பந்தம் இருந்திருக்கிறது. ஆனால் இந்த ஒப்பந்தங்களுக்கெல்லாம் முடிவுத் திகதி உண்டு. புதுப்பிக்கும் வரை இடைவெளி விழும். மச்சான் மாற்றினார், சித்தப்பா மாற்றினார் என்பது அவர்கள் மாற்றிய காலத்துக்குத்தான் பொருந்தும். விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் மோட்டோரிஸ்ஸாசியோனே எனும் அரச போக்குவரத்து அலுவலகம் வெளியிடும் நாடுகளின் பட்டியலை அன்றைய நிலையில் பாருங்கள்.

இன்னொன்று: இத்தாலியில் வதிவிடம் பதிந்த பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போய் எடுத்துவந்த லைசன்ஸை மாற்றித் தரமாட்டார்கள். அதற்காக யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

"தியரியைத் தமிழில எழுத ஏலாதோ? இங்கிலீசிலயாவது?"

இரண்டிலும் முடியாது. இத்தாலிய மொழிதான். ஜெர்மன், பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினருக்காக அந்த இரண்டு மொழிகளும் உண்டு. நமக்கு அது உதவாது. 2021 டிசெம்பரிலிருந்து வினாத்தாளில் 30 கூற்றுகள். ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று 20 நிமிடத்தில் குறிக்க வேண்டும். 3 பிழை வரை விடலாம், நான்காவது வந்தால் பெயில். விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் தியரி பாஸாக வேண்டும், அதற்குள் இரண்டு தடவைதான் எழுதலாம்.

நம் ஆட்கள் விழுவது கடினமான சொற்களில் இல்லை, சின்னச் சொற்களில்தான். "செம்ப்ரே" என்றால் எப்போதும், "சோலோ" என்றால் மட்டும், "ஆங்கே" என்றால் கூட. "இந்தப் பலகை கண்டால் எப்போதும் நிறுத்த வேண்டும்" என்ற கூற்றில் அந்த "எப்போதும்" ஒன்றே விடையைப் பிழையாக்கிவிடும். வீட்டு வேலை, ஹோட்டல் வேலை செய்து பேச்சு இத்தாலியன் நன்றாக வருபவர்கள் கூட இதைக் கவனிக்காமல் வேகமாக வாசித்துவிடுகிறார்கள். கூற்றில் இந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு விடை போடப் பழகுங்கள். படங்களை மட்டும் மனப்பாடம் செய்வது போதாது.

"தியரி பாஸ் பண்ணினா அடுத்த நாளே காரை எடுக்கலாமோ?"

பாஸானதும் ஃபோலியோ ரோசா தருவார்கள். பழகுவதற்கான அனுமதி அது. 12 மாதம் செல்லும். அதற்குள் செய்முறைப் பரீட்சைக்கு மூன்று தடவை போகலாம், ஆனால் அது கிடைத்து ஒரு மாதம் முடிவதற்கு முன் போக முடியாது. பக்கத்தில் இருப்பவர் 65 வயதுக்கு மேற்படாதவராகவும், பி வகை (கார்) லைசன்ஸ் எடுத்து 10 வருடமாவது ஆனவராகவும் இருக்க வேண்டும். காரின் முன்னும் பின்னும், பழகுபவர் என்று காட்டும் "P" எழுத்து ஒட்ட வேண்டும்.

எவ்வளவு வீட்டில் பழகினாலும் பள்ளிப் பயிற்றுநரோடு கட்டாயமாக ஓட வேண்டிய மணித்தியாலங்கள் உண்டு: நெடுஞ்சாலையில், ஊருக்கு வெளியே உள்ள வீதியில், இரவில். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பரீட்சைக்குத் திகதி கிடைக்காது.

"என்ர மனுசன் தானே பழக்கிறன் எண்டு சொல்லிக் கத்துறார். எனக்குக் கை நடுங்குது. என்ன செய்ய?"

இந்தக் கேள்வி கேட்ட அக்காமார் பலர். உங்களுக்குத் திறமை இல்லை என்று நினைக்காதீர்கள். அவருடைய பக்கத்தில் பிறேக் இல்லை. பயத்தில் அவருக்குச் செய்யக்கூடியது கத்துவது ஒன்றுதான். என் காரில் என் காலுக்குக் கீழே இரண்டாவது கிளச்சும் பிறேக்கும் இருக்கின்றன. அதனால் என்னால் பொறுமையாக இருக்க முடிகிறது.

முதல் சில மணித்தியாலம் பள்ளிக் காரில் ஓடுங்கள். கார் நிற்கும் இடம், திரும்பும் வளைவு எல்லாம் கைக்கு வந்த பிறகு அவரோடு ஞாயிறு காலையில் போங்கள். அப்போது அவரும் கத்தமாட்டார், நீங்களும் நடுங்கமாட்டீர்கள். கணவன்மாருக்கு நான் சொல்வது: பின்னாலுள்ள வாகனத்தை நீங்கள் பாருங்கள், முன்னால் மனைவி பார்க்கட்டும். எதையாவது சொல்ல வேண்டுமானால் சந்திக்கு முன்பே சொல்லுங்கள். சந்திக்குள் வைத்துச் சொல்லாதீர்கள்.

"வலப்பக்கம் ஓடுறது எப்பவும் குழப்பமா இருக்கு. எவ்வளவு நாளில சரிவரும்?"

நேராக ஓடும்போது யாருக்கும் பிரச்சினை வருவதில்லை. முன்னால் ஒரு கார் போனால் அதன் பின்னாலேயே போய்விடலாம். பிரச்சினை வரும் இடங்கள் சிலதான். ஒன்று, இடது பக்கம் திரும்பும்போது. ஊரில் இடது திருப்பம் சிறியது, ஓரத்தோடு ஒட்டித் திரும்புவோம். இங்கே அதுதான் பெரிய திருப்பம். எதிர்வரிசையைக் கடந்து அகலமாகப் போக வேண்டும். பழைய பழக்கத்தில் சின்னதாகத் திரும்பினால் நேரே எதிரே வரும் காரின் முகத்தில்தான் போய் நிற்பீர்கள். இன்னொன்று, அதிகாலையில் வெறும் வீதியில் தரிப்பிடத்திலிருந்து வெளியே எடுக்கும்போது. பின்தொடர ஒரு வாகனமும் இல்லாத அந்த நேரத்தில்தான் உடம்பு தானாக இடப்பக்கம் போகும். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

கையைக் கவனித்தால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஊரில் ஓடிய ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலது கையில். இங்கே இடது கையில். முதல் பாடத்தில் திரும்பப் போகும்போது சிக்னலுக்குப் பதில் வைப்பர் ஆடும். கியர் மாற்ற இடது கை கதவில் போய் முட்டும். இவை சில பாடங்களில் தானே போய்விடும். ஆனால் கண் மாறுவதற்கு நேரம் எடுக்கும்: பின்பார்க்கும் கண்ணாடி இப்போது உங்கள் வலது மேல்பக்கத்தில் இருக்கிறது. வீதியைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்க்க வேண்டும். நடக்கும்போதும் இதைப் பழகுங்கள். காலால் நடந்து பழகிய கண் காரிலும் சரியாகப் பார்க்கும்.

"சந்தியில பலகையும் இல்லை, லைட்டும் இல்லை. ஆருக்கு முதல் வழி?"

உங்கள் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு. ப்ரெசெதென்சா ஆ தெஸ்த்ரா என்பது இதுதான். வீதி பெரிதா சிறிதா என்று பார்க்கத் தேவையில்லை. சின்னச் சந்திலிருந்து வரும் பழைய ஃபியட்டுக்கும் நீங்கள் வழிவிட வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் வாகனம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதற்குத்தான் முதல் வழி. பலெர்மோவில் 2015 இறுதியிலிருந்து டிராம் ஓடுகிறது, ஆகவே இது வினாத்தாளோடு முடிகிற விடயம் இல்லை. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கார் வந்து நின்றால் ஒருவருக்கும் உரிமை இல்லை. யாராவது ஒருவர் சைகை காட்டி இன்னொருவரை விட வேண்டும்.

சுற்றுவட்டம்தான் நம் ஆட்களைக் குழப்புகிறது. இலங்கையில் வட்டத்துக்குள் கடிகாரம் சுற்றும் திசையில் போவோம், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுவோம். இங்கே எதிர்த்திசையில் சுற்றுகிறது, உள்ளே இருப்பவர் உங்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வருவார். நுழையும் இடத்தில் தலைகீழ் முக்கோணம் இருந்தால் உள்ளே இருப்பவருக்கு வழிவிடுங்கள். அந்தப் பலகை இல்லாத பழைய வட்டங்களில் வலப்பக்க விதி திரும்ப வந்துவிடும், அதாவது நுழைபவருக்கு முதல் வழி. ஆகவே வட்டம் தெரிந்ததும் முதலில் தேட வேண்டியது அந்த முக்கோணத்தை.

"எதிரில வாறவர் லைட்டை அடிச்சுக் காட்டினா எங்களைப் போகச் சொல்லுறாரோ?"

இல்லை. "நான் வாறன், நில்" என்று அர்த்தம். நம் ஊரிலும் அப்படித்தான் என்பதால் யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னையில் ஓடியவர்களுக்கு இதில் பிரச்சினை இல்லை. லண்டனில் பழகிவிட்டு இங்கே வந்து வாடகைக் கார் எடுக்கும் உறவினருக்குத்தான் இது ஆபத்து. அங்கே வழிவிடுகிறவர் லைட் அடித்துக் காட்டுவது வழக்கம். அதே நினைப்பில் இங்கே இடது பக்கம் திரும்பினால் இடி நிச்சயம். அவர்களை விமான நிலையத்தில் ஏற்றும்போதே சொல்லிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் பின்னாலிருந்து லைட் அடித்தால் வலது ஓர வரிசைக்கு விலகச் சொல்கிறார். விலகுங்கள், ரோஷப்பட ஒன்றும் இல்லை. உண்மையிலேயே வழிவிடுகிற இத்தாலியர் லைட்டை விடக் கையைத்தான் பயன்படுத்துவார். உள்ளங்கையை மேலே காட்டி விரலை அசைப்பார். கை தெரியாவிட்டால் அவருடைய முன் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் அவர் நிற்கப்போவதில்லை.

"பலெர்மோவில ஒருத்தரும் சட்டப்படி ஓடுறேல்ல. பிறகு நாங்கள் மட்டும் ஏன் சட்டம் படிக்கோணும்?"

இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்குள்ளவர்கள் கண்டபடி ஓடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது எழுதப்படாத ஒழுங்கு. இடம் இருந்தால் அதை நிரப்புவார்கள். பலகையைப் பார்ப்பதை விட மற்றக் காரின் மூக்கைப் பார்ப்பார்கள். யாருடைய மூக்கு முதலில் உள்ளே வந்ததோ அவர் போவார். பக்க வீதியிலிருந்து வருபவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்வார். உங்கள் கண்ணைப் பார்த்தால் பேரம் பேசுகிறார், பார்க்காமல் நேரே பார்த்தால் நிற்கமாட்டார். ஒருவர் குறுக்கே விட்டாலும் மற்றவர் பெரிதாகக் கோபப்படுவதில்லை. ஆனால் வரிசை நடுவே யோசித்துக்கொண்டு நிற்பவரை யாரும் பொறுப்பதில்லை. ஹோர்ன் அடிப்பதற்கு ஊருக்குள் உடனடி ஆபத்தைத் தவிர வேறு காரணம் சட்டத்தில் இல்லை, ஆனாலும் இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு எஸ்பிரெஸ்ஸோ குடிக்கப் போனவரைக் கூப்பிட எல்லோரும் அடிப்பார்கள்.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. ஒரு சுவிஸ்காரர் இங்கே வந்தால் திகைத்துப்போவார். யாழ்ப்பாணம் பஸ் நிலையச் சந்தியில் ஓடியவர் இரண்டாம் நாளே கலந்துவிடுவார். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பழகிய இடம் போலத் தோன்றியதும் மனம் ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விடும், ஊர்ப் பழக்கமோ மறுபக்கத்துக்கு உரியது. மேலே சொன்ன இடது திருப்பப் பிழைகள் அதிகம் நடப்பது பயந்து ஓடும் முதல் வாரத்தில் இல்லை, "இப்ப பிரச்சினை இல்லை" என்று நினைக்கத் தொடங்கும் காலத்தில். பரீட்சையிலும் அப்படியே. மோட்டோரிஸ்ஸாசியோனேயிலிருந்து வரும் பரீட்சகர் தானும் அதே வீதியில் அப்படித்தான் ஓடிவந்திருக்கலாம். ஆனால் அவர் கையில் உள்ள தாளில் எழுதியிருப்பது சட்டம் மட்டுமே.

அதனால் மற்றவர்களின் பழக்கத்தை எதிர்பார்க்கப் படிப்பிக்கிறேன், எடுத்துக்கொள்ளப் படிப்பிப்பதில்லை. வியா ஒரேத்தோ வீதியில் பச்சை விழுந்தால் ஒரு மூச்சு விட்டு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளச்சை விடச் சொல்வேன், யாராவது ஒருவர் சிவப்பில் கடைசியாகப் பாய்ந்து வருவார். வியாலே ரெஜியோனே சிச்சிலியானா என்ற பெரிய வீதியில் பக்க வரிசையிலிருந்து நடு வரிசைக்கு ஏறும் இடங்கள் குட்டையானவை. உள்ளே ஓடுகிறவர்கள் வேகம் குறைக்கமாட்டார்கள். அங்கே நின்று பார்ப்பது ஓடிப் பார்ப்பதை விட ஆபத்து. நேரத்தோடு சிக்னல் போட்டு, தோளுக்கு மேலால் ஒருமுறை பார்த்து, அவர்களின் வேகத்துக்கு வந்து சேர வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது, பழக்கமும் அதையே கேட்கிறது.

"மோட்டோரினோக்காரர் ரெண்டு பக்கத்தாலயும் வாறாங்கள். எப்பிடித் தப்புறது?"

மோட்டோரினோ என்பது சின்ன ஸ்கூட்டர். நீங்கள் அவர்களிடமிருந்து தப்ப வேண்டாம், அவர்கள் உங்களிடமிருந்து தப்பிக்கொள்வார்கள். அதற்கு நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நேராக ஓடுங்கள், திடீரென்று பக்கம் மாறாதீர்கள். வலது பக்கம் திரும்புவதற்கு முன் வலது கண்ணாடி, பிறகு தோளுக்கு மேலால், பிறகுதான் கை. வாகன வரிசை நிற்கும்போது கதவைத் திறப்பதாக இருந்தால் எதிர்ப்பக்கக் கையால் திறவுங்கள். உடம்பு தானே பின்னால் திரும்பும்.

"சீப்ராக் கடவையில நிண்டா பின்னால வாறவன் வந்து இடிச்சுப்போடுவான். நிக்கத்தான் வேணுமோ?"

நிற்க வேண்டும். கடக்கிறவருக்கு மட்டுமில்லை, கடப்பதற்காகக் கால் எடுத்து வைக்கப் போகிறவருக்கும் வழிவிட வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வழிவிடாவிட்டால் அபராதத்தோடு 8 புள்ளி போகும். லைசன்ஸில் தொடக்கத்தில் இருப்பதே 20 புள்ளிதான். புதிதாக எடுத்தவருக்கு முதல் 3 வருடம் கழிவு இரட்டிப்பு, அதாவது 16.

பின்னால் வருபவர் பற்றிய பயம் நியாயமானது. கடவைக்குக் கிட்டப் போய் ஒரேயடியாக அழுத்துவதால்தான் இடி வருகிறது. தூரத்திலேயே நடைபாதையைப் பாருங்கள், யாராவது நின்றால் பிறேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டுப் பின்லைட்டை எரியவிடுங்கள். பின்னால் வருபவர் நீங்கள் நிற்கப்போவதை முன்பே அறிந்துவிடுவார்.

"சென்ட்ரோவுக்குள்ள போனதுக்கு வீட்டுக்கு நாலு அபராதம் வந்திருக்கு. பொலிஸ் ஒருத்தரும் மறிக்கேல்லையே?"

அது நகர மையத்தில் உள்ள, ஸெட்.டி.எல். எனப்படும் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி. வாசலில் கமரா இருக்கும், பொலிஸ் தேவையில்லை. பல தடவை நுழைந்தால் பல அபராதம் வரலாம், அதனால்தான் நான்கு. மின்பலகையில் "வார்கோ அத்தீவோ" என்று இருந்தால் கமரா வேலை செய்கிறது, உள்ளே போகக் கூடாது. வாசல் திறந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டு போகிறவர்கள் பலர். நேரமும் நாளும் நகரத்துக்கு நகரம் வேறு.

நிறுத்தும் கோடுகளையும் சேர்த்துச் சொல்கிறேன்: வெள்ளை இலவசம், நீலம் பணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. நீலக்கோட்டில் யாராவது கைகாட்டி நிறுத்தவைத்துச் சில்லறை கேட்டால் அது டிக்கெட் ஆகாது. இயந்திரத்தில் தனியாக எடுக்க வேண்டும்.

"ஒட்டோஸ்த்ராதாவில எல்லாரும் 150இல போறாங்கள். புது லைசன்ஸ்காரன் எவ்வளவில போகலாம்?"

ஒட்டோஸ்த்ராதா எனும் நெடுஞ்சாலையில் பொது எல்லை மணிக்கு 130 கிலோமீற்றர், மழையில் 110. லைசன்ஸ் எடுத்து முதல் 3 வருடம் உங்களுக்கு 100 மட்டும். ஊருக்கு வெளியே உள்ள பிரதான வீதிகளில் 110க்குப் பதில் 90. வலது ஓர வரிசையில் அமைதியாகப் போங்கள். பலெர்மோவிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் ஏ29 பழகுவதற்கு நல்ல வீதி, நம் ஆட்களுக்கு அடிக்கடி தேவைப்படுவதும் அதுதான். பகலிலும் முன்லைட் எரிய வேண்டும்.

முதல் 3 வருடம் மதுவின் அளவு பூச்சியம். மற்றவர்களுக்கு உள்ள 0.5 கிராம் சலுகை உங்களுக்கு இல்லை. கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் வைன் என்றாலும் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கையில் போனோடு பிடிபட்டால் 2024 டிசெம்பரிலிருந்து 250 யூரோவிலிருந்து 1000 யூரோ வரை அபராதம், முதல் தடவையிலேயே 15 நாளிலிருந்து 2 மாதம் வரை லைசன்ஸ் இடைநிறுத்தம். டெலிவரி வேலை செய்கிற தம்பிமார் இதை இரண்டு தடவை வாசியுங்கள். உங்களுக்கு லைசன்ஸ் போனால் சம்பளமும் போகும்.

"சந்தா ரோசாலியா கோயிலுக்குக் காரில ஏறலாமோ? வளைவைக் கண்டாப் பயமாக் கிடக்கு."

அந்தக் கோயில் இருக்கும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு நம் ஆட்கள், சைவர்களும் சேர்த்து, வருடம் முழுக்கப் போகிறார்கள். செப்டெம்பர் 4 திருநாளுக்கு நடந்து ஏறுவதுதான் வழக்கம், அன்றைக்குக் காரை நினைக்க வேண்டாம். மற்ற நாட்களில் வீதி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டாம் கியர். இறங்கும்போது பிறேக்கை மட்டும் நம்பினால் சூடாகிவிடும், எஞ்சின் பிடித்து இறக்கட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிறேக் வேண்டாம். மலைவீதியில் இரண்டு கார் கடக்க முடியாத இடத்தில் சந்தித்தால் இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுக்க வேண்டியவரும் அவரே. ஏறுகிறவருக்குப் பின்னால் எடுப்பது தெளிவாக இலகுவாக இருந்தால் மட்டும் மாறலாம்.

"பரீட்சையில எதுக்குப் பெயில் விடுறாங்கள்?"

பரீட்சகர் பின் இருக்கையில் இருப்பார், நான் உங்களுக்குப் பக்கத்தில். முதலில் டயர், லைட், எண்ணெய் பற்றிக் கேட்பார், பிறகு நிறுத்துவது, பின்னெடுப்பது, பிறகு வீதி. நான் பிறேக்கைத் தொட்டால் அந்த நிமிடமே பரீட்சை முடிந்துவிடும். ஆகவே என் காலைப் பார்க்காதீர்கள்.

நம் ஆட்கள் அதிகம் விழுவது ஸ்டொப் பலகையில். வீதி வெறுமையாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். கார் ஊர்ந்தால் நின்றதாகக் கணக்கில்லை. கோட்டில் நின்றதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முதலாம் கியரைப் போடுங்கள். கியர் மாற்றுவதற்குள் கார் கட்டாயம் நின்றிருக்கும். மற்றது, பயத்தில் 50 எல்லையுள்ள நல்ல வீதியில் 25இல் ஊர்வது. அதுவும் பிழைதான், பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று எழுதுவார்கள்.

"இத்தாலியரும் உங்களிட்டப் படிக்கினமோ? தமிழரிட்டப் படிக்க அவையள் விரும்புவினமோ?"

படிக்கிறார்கள். முதல் நாளில் தாய் தகப்பன் கொஞ்சம் தயங்குவார்கள், பிள்ளை காரை ஒழுங்காக நிறுத்தத் தொடங்கியதும் தயக்கம் போய்விடும். சிசிலியப் பிள்ளைகள் 14 வயதிலேயே மோட்டோரினோ லைசன்ஸ் எடுக்கலாம் என்பதால் வீதி அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. இடைவெளி பார்ப்பது, எதிர் ஆள் என்ன செய்வான் என்று கணிப்பது எல்லாம் வரும். ஆனால் கார் அகலமானது, மோட்டோரினோ போன இடைவெளியில் கார் போகாது. அவர்களைப் பொறுமையாக்குவதுதான் வேலை. நம் அக்காமார் அதற்கு நேர்மாறு: வினாத்தாளை வரிக்கு வரி சொல்வார்கள், வீதியில் இறங்கினால் உரிமை இருந்தும் போகமாட்டார்கள். அவர்களைத் துணிவாக்க வேண்டும். ஒரே பாடத்தை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிச் சொன்னால் இரண்டு பேரும் பரீட்சையில் விழுவார்கள்.

மொழி பற்றி ஒன்று: தமிழர்களோடும் காருக்குள் கட்டளைகளை இத்தாலிய மொழியில்தான் சொல்கிறேன். பரீட்சகர் "சுற்றுவட்டத்தில் இரண்டாவது வெளிவழி" என்று இத்தாலிய மொழியில் சொல்லும்போது மனதுக்குள் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. விளக்கம் மட்டும் தமிழில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு.

"நானும் உங்களைப் போலப் பழக்க வரலாமோ? என்ன படிக்கோணும்?"

வரலாம், ஆனால் பாதை நீளம். தியரி படிப்பிப்பவரும் கார் பழக்குபவரும் இங்கே வெவ்வேறு தகுதி. கார் பழக்குபவருக்கு 21 வயது, உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். பி மட்டும் போதாது. மோட்டார் சைக்கிள், இழுவையோடு லொறி, பஸ் வகைகளும் உள்ள லைசன்ஸ் இருக்க வேண்டும். பிறகு 120 மணித்தியாலப் பயிற்சி, அதில் 80 தியரி, 40 செய்முறை. அதன்பின் பரீட்சை. பாஸான பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 8 மணித்தியாலப் புதுப்பிப்பு வகுப்பு. இவையெல்லாம் 2011ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க ஆணையில் உள்ளவை.

ஊரில் ஏ.எல். படித்தவர்கள் அந்தச் சான்றிதழை மொழிபெயர்த்து, கொழும்பிலுள்ள இத்தாலித் தூதரகத்தில் அதன் மதிப்பை உறுதிப்படுத்தும் கடிதம் எடுக்க வேண்டும். அதற்கு மாதங்கள் போகும், ஆகவே லொறி, பஸ் லைசன்ஸுக்குப் படிக்கத் தொடங்கும்போதே இதையும் தொடங்குங்கள். பஸ், லொறி லைசன்ஸ் இருந்தால் பழக்கும் வேலை கிடைக்கும்வரை ஓடிச் சம்பாதிக்கவும் முடியும்.

"படிப்பிக்கேக்க உங்களுக்குப் பயமில்லையோ?"

இரட்டைப் பிறேக் இருக்கிறது என்று சும்மா இருக்க முடியாது. கால் எப்போதும் பிறேக்குக்கு மேலே, தொடாமல். கண் மாணவரின் கண்ணில். பெரும்பாலான பிழைகளைக் கையில் பார்ப்பதற்கு முன் கண்ணில் பார்க்கலாம்: இடது பக்கம் திரும்பப் போகிறவர் எதிர்வரிசையைப் பார்க்காமல் பக்க வீதியின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர் ஊர்ப் பக்கமாகத் திரும்பப் போகிறார். அந்த நொடியில் "வலது ஓரத்தைப் பாருங்கோ" என்று சொன்னால் கை தானாகத் திருந்தும். பிறேக்கை அடித்தால் கார் நிற்கும், ஆனால் மாணவர் எதையும் கற்கமாட்டார்.

"மகன் பாஸ் பண்ணின உடன என்ர காரைத் தா எண்டு நிக்கிறான். குடுக்கலாமோ?"

காரின் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். 2024 டிசெம்பர் 14க்குப் பிறகு பி லைசன்ஸ் எடுத்தவர் முதல் 3 வருடம் ஒரு தொன்னுக்கு 75 கிலோவாட்டுக்கும், மொத்தம் 105 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட கார் ஓடக் கூடாது. சாதாரணக் குடும்பக் கார்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். புதிய பெரிய எஸ்.யு.வி. சில அடங்காது. பக்கத்தில் 65 வயதுக்கு மேற்படாத, 10 வருட லைசன்ஸ்காரர் இருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. காப்புறுதிப் பத்திரத்தையும் பாருங்கள், 26 வயதுக்கு மேற்பட்டவர் மட்டும் ஓடலாம் என்று குறைந்த கட்டணத்துக்குப் போட்டிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும்.

இவை சரியென்றால் கொடுங்கள். முதல் மாதம் நண்பர்களை ஏற்றாமல், இரவில் மொந்தெல்லோக் கடற்கரைப் பக்கம் போகாமல், வேலைக்கும் கடைக்கும் ஓடட்டும். காருக்குள் முக்கோணப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் எங்கே இருக்கின்றன என்று சாவி கொடுக்கும்போதே காட்டிவிடுங்கள்.